பதினாலு தூளியும் ஒரு மூங்கிலும்

மலாயாவில், ரெங்கத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடமும் ஆயாக்கொட்டாயும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் முப்பத்தொரு பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் பதினாலு குழந்தைகள் சேலைத் தூளிகளில் கிடக்கும். விடியக்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகும்போது தாய்மார் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். அதுவரை பதினாலையும் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆயா, காளியம்மா.

1934-இல் யோகம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தாள். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி விசுவலிங்கத்தின் மூத்த மகள் அவள், வயது இருபத்திரண்டு. ஜொகூர் பாருவில் ஏழாவது வரை இங்கிலீஷும் வீட்டில் தாயிடம் தமிழும் படித்தவள். ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் பழைய வாத்தியார் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பூட்டியே கிடந்தது. ஆள் தேடச் சொல்லித் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை விசுவலிங்கத்தைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அரைமனதாக மகளையே கொண்டுவந்து நிறுத்தினார்.

முதல் வாரத்திலேயே யோகத்துக்கு ஒன்று பிடிபட்டது. கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிடும். உடனே இரண்டு, பிறகு ஐந்து. "ஏ தனலெட்சுமி, வா புள்ள! ஒந்தம்பி கத்துறான்!" என்று காளியம்மா குரல் கொடுப்பாள். தனலெட்சுமி சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவாள். அவளுக்குப் பின்னாலேயே இன்னும் மூன்று பெண்கள் போவார்கள். தம்பியை ஆட்டப் போனவள் பக்கத்துத் தூளியையும் ஆட்ட வேண்டும். திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் விட்டிருக்கும். தனலெட்சுமிக்குப் பத்து வயது. வாத்தியார் இருந்த காலத்தில் இரண்டு வருஷம் இரண்டாம் வகுப்பில் இருந்தவள், இப்போதும் இரண்டாம் வகுப்பில்தான் இருந்தாள்.

ஒருநாள் அவள் வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தபோது யோகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடேயே கரும்பலகையில் இருந்த கணக்கை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்.

"பதினாலு தூளியை ஒரே ஆள் ஆட்டுவது எப்படி?"

"எல்லாரும் யோசியுங்கோ. யோசிச்சதைச் சிலேட்டில் படமாக் கீறுங்கோ" என்றாள். அவளுடைய யாழ்ப்பாணத் தமிழ் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் புதிது. 'கீறுங்கோ' என்றால் வரைவது என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அன்றைக்கு அதற்குப் பிறகு வேறு பாடம் நடக்கவில்லை. ஒருத்தி ஆயாவுக்குப் பதினாலு கை வரைந்திருந்தாள். ஒருவன் யானையைக் கட்டியிருந்தான். மனோகரன் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், பெஞ்சில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராதவன், எல்லாத் தூளிகளையும் ஒரே கயிற்றில் கோத்து, கயிற்று முனையில் ஒரு கையை மட்டும் வரைந்திருந்தான்.

"கையைப் பிடிச்சு இழுத்தா எல்லாம் ஆடும், டீச்சர்."

"ஆடுமோ?"

"ஆடும்!"

"அப்ப கட்டிப் பாப்பம்."

இரண்டு மணிக்குத் தாய்மார் வந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு கொட்டாய் காலியானது. காளியம்மாவும் லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் வீடுகளிலிருந்து பூசணிக்காயும் மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து தூளிகளில் குழந்தைகளாகப் படுக்க வைத்தார்கள். மனோகரன் கயிற்றைக் கோத்து முடிந்து, கடைசியில் நின்று பலமாக ஒரு இழுப்பு இழுத்தான். அவனுக்குப் பக்கத்துத் தூளியிலிருந்த பூசணிக்காய் பறந்துபோய்த் தடுப்பில் மோதிப் பிளந்தது. அடுத்த நாலு தூளியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மறுமுனையில் இருந்தவை அசையவே இல்லை.

"அலமாக்!" என்று மலாய்க்காரர் மாதிரித் தலையில் கைவைத்தான் மனோகரன்.

"ஒந்தம்பி செத்துட்டான்டா" என்றாள் தனலெட்சுமி. எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். யோகமும்தான்.

அன்று இரவு சோறு சாப்பிடும்போது விசுவலிங்கம் கேட்டார். "என்ன பிள்ளை, பள்ளிக்கூடத்திலை பூசணிக்காய் உடைச்சு விளையாடினதாக் கேள்விப்பட்டன்?"

"விளையாடேல்லை அப்பா. தூளி ஆட்ட ஒரு வழி தேடுறம்."

"உனக்கேன் அந்த வேலை? பாடத்தைச் சொல்லிக் குடுத்திட்டு வாவன்."

"பாடம் சொல்லிக் குடுக்கப் பிள்ளையள் இருக்கவேணுமெல்லோ?"

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். இருபது வருஷமாகத் தொரைக்கு 'எஸ் சார்' சொல்லிப் பழகிய மனிதர். எதிலும் தலையைக் கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு.

அடுத்த நாள் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். தூளிகள் வரிசையின் நீளவாக்கில் ஆடினால் முட்டிக்கொள்ளும், குறுக்குவாக்கில் ஆடினால் முட்டாது என்பது எல்லாருக்கும் புரிந்தது. கொட்டாயில் தூளிகள் இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஏழாகத் தொங்கின. நடுவில் நடைபாதை. அந்த நடைபாதைக்கு மேலே ஒரு நீள மூங்கிலைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கத் தூளிகளையும் அதில் சின்னக் கயிற்றால் கட்டிவிட்டால்? மூங்கில் ஒரு பக்கம் போனால் ஒரு வரிசை இழுபடும், திரும்பினால் மற்ற வரிசை.

கட்டினார்கள். மூங்கிலை ஆட்டினார்கள். சில தூளிகள் அழகாகக் கூடவே ஆடின. சில பாதி வழியில் வெட்டி வெட்டி இழுத்தன.

"பாரமான பூசணிக்காய் மெதுவா ஆடுது. அதான் இழுக்குது" என்றான் மனோகரன். யோகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது.

தனலெட்சுமி மட்டும் தலையை ஆட்டினாள். "இல்ல டீச்சர். எந்தம்பி குண்டு. காத்தாயி மக எலி மாதிரி இருப்பா. ரெண்டையும் நான்தான் ஆட்டுவேன், ரெண்டு கையால. ரெண்டும் ஒண்ணாத்தான் ஆடும்."

"அப்ப எது வேற மாதிரி ஆடும்?"

அது அவளுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருந்தது. ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்குக் கிண்ணம் இரண்டை எடுத்து, சம நீளக் கயிற்றில் அதன் கிளையில் தொங்கவிட்டாள். ஒன்றில் ஒரு கல்லும் மற்றதில் ஆறு கல்லும் போட்டு, ஒரே நேரத்தில் கையை விட்டாள். முப்பது பேரும் சுற்றி நின்று சத்தமாக எண்ணினார்கள். இருபது எண்ணும்வரை இரண்டு மங்கும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வந்தன. பிறகு ஒரு கயிற்றை மட்டும் பாதியாகச் சுருக்கிக் கட்டினாள். சுருக்கிய மங்கு குடுகுடுவென்று ஓடியது.

"கயிறு டீச்சர்! பாரமில்ல, கயிறு!"

இந்த உண்மை யோகத்துக்கு முன்பு தெரியாது. தெரியாது என்பதை அவள் பிள்ளைகளிடம் ஒளிக்கவும் இல்லை. "நான் பிழையா நினைச்சிட்டன். தனலெட்சுமி சொன்னதுதான் சரி" என்றாள். தனலெட்சுமி வெட்கப்பட்டு மங்கிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க, மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு வேலை நடந்தது. மனோகரன் ஒரு கம்பு வெட்டி அதையே அளவுகோலாக்கினான். பதினாலு தூளிகளையும் அந்தக் கம்பின் நீளத்துக்குச் சரியாக அவிழ்த்துக் கட்டினார்கள். ஸ்டோரில் கழித்துப்போட்ட ஒரு மரக் கப்பியை வாங்கி வந்து தூணில் பொருத்தினார்கள். மூங்கிலிலிருந்து ஒரு கயிறு கப்பி வழியாகக் கீழே இறங்கியது. அதன் முனையில் கால் நுழைக்க ஒரு வளையம். ஆயா முக்காலியில் உட்கார்ந்து காலை அழுத்தினால் போதும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் யோகமே உட்கார்ந்து அழுத்திப் பார்த்தாள். பதினாலு பூசணிக்காயும் கிழங்கும் ஒரே சீராக, சத்தமில்லாமல் ஆடின. பிள்ளைகள் கைதட்டக்கூட மறந்துபோய் நின்றார்கள்.

"ஆயாகிட்டச் சொல்லாதீங்க. நாளைக்குக் காலையில வந்து பார்த்து அசந்துபோகட்டும்" என்றான் மனோகரன்.

சனிக்கிழமை காலையில் அவர்கள் ஓடிவந்து பார்த்தபோது மூங்கில் தொங்கவில்லை. கஞ்சி அடுப்பில் அது எரிந்துகொண்டிருந்தது. நாலு துண்டாக வெட்டி வைத்திருந்தாள் காளியம்மா. தூளிகள் எல்லாம் பழையபடி ஏற்றியும் இறக்கியும் கட்டப்பட்டிருந்தன.

மனோகரன் அடுப்பிலிருந்து ஒரு துண்டை இழுக்கப் போனான். யோகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தனலெட்சுமி அழவில்லை. தம்பியின் தூளியருகே போய் நின்று வழக்கம்போல ஆட்ட ஆரம்பித்தாள்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு யோகம் காளியம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏன் அக்கா இப்பிடிச் செய்தனீங்கள்?"

காளியம்மா கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையில் இரண்டு வாளிப் பாலுமாகச் சரிவில் இறங்கும்போது விழுந்தவள். இடது கால் அதன்பிறகு நேராக நீளவில்லை.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க" என்றாள் கடைசியில். "வெல விழுந்தப்ப இங்கேருந்து எத்தன பேரக் கப்பல்ல ஏத்துனாங்கன்னு ஒங்கப்பாவக் கேளுங்க. அவருதான் பேரு எழுதுனாரு. கையும் காலும் நல்லா இருந்தவங்களையே அனுப்பிட்டாங்க. நான் ஏன் தப்பிச்சேன்? தூளி ஆட்ட ஆளு வேணும்னு தப்பிச்சேன். இப்ப மூங்கிலு ஆட்டுனா, தொரை என்னைய எதுக்கு வச்சிருப்பாரு? ஊருல எனக்கு யாரு இருக்கா?"

தான் வந்து இரண்டு மாதத்தில் இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பது யோகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய கொட்டாய்க்குள், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் முடிந்த முடிச்சுகளை அவிழ்த்திருக்கிறார்கள்.

"தப்பு எங்கட பக்கம்தான் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் நடந்ததை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னாள். கப்பல் விஷயம் அவர்களுக்கும் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ அப்படிப் போயிருந்தார்கள்.

"அப்ப விட்டுடலாமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான் போய் ஆயாகிட்டக் கேக்கவா?" என்றாள் தனலெட்சுமி.

"என்ன கேப்பாய்?"

"தெரியல. அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்குறேன்."

அன்று ஆயா கூப்பிடாமலேயே தனலெட்சுமி தடுப்பைத் தாண்டிப் போனாள். ஒரு கையால் தம்பியை ஆட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். முதல் நாள் காளியம்மா 'சும்மா இரு' என்றாள். இரண்டாம் நாள் திட்டினாள். மூன்றாம் நாள் திட்டு வாக்கிலேயே எல்லாம் வெளியே வந்தது.

"எல்லாத் தூளியையும் ஒரே மட்டத்துல கட்டுனீங்களே, அறிவிருக்கா? ஒந்தம்பிக்கு ஒன்றர வயசு. உருண்டு விழுவான், அவனத் தாழக் கட்டணும். பச்சப்புள்ளைய மேலே கட்டணும், இல்லாட்டி நாய் வந்து மோந்து பாக்கும். அந்த வளையத்த எடது பக்கம் வச்சிருக்கீங்க. எனக்கு எந்தக் காலு வராதுன்னு கூடத் தெரியாதா? அப்புறம் அந்த மூலச் சட்டம், கறையான் தின்னது. அதுல பாரத்தப் போட்டா ஒருநாளு கூரையோட எறங்கும்."

தனலெட்சுமி அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து வகுப்பில் ஒப்பித்தாள். யோகம் கரும்பலகையில் எழுதினாள்.

கறையான் சட்டமும் வளையமும் சுலபம். தூளிகளின் உயரம்தான் அவர்களைத் திணற அடித்தது. கயிறு எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேர்ந்து ஆடாது. ஆனால் சில தூளிகள் மேலேயும் சில கீழேயும் தொங்க வேண்டும். இரண்டு நாள் இதையே பேசினார்கள். இந்தத் தடவை விடை மனோகரனிடமிருந்து வந்தது. அதுவும் பேசிக்கொண்டிருந்தபோது இல்லை, கொய்யா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது. மேல் கிளையிலிருந்து கீழ்க் கிளைக்கு இறங்கியவன் அப்படியே நின்றான்.

"டீச்சர்! கயிறு நீளணும்னு இல்ல. கம்பு எறங்கணும்!"

சட்டத்துக்கு ஒன்றரை முழம் கீழே இன்னொரு மூங்கிலை அசையாமல் இறுக்கிக் கட்டி, பெரிய குழந்தைகளின் தூளிகளை அதில் தொங்கவிட வேண்டும். பச்சைக் குழந்தைகளுக்கு மேல் சட்டம். கயிறு எல்லாருக்கும் ஒரே நீளம்தான்.

யோகம் காளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினாள். "நீங்க வேண்டாமெண்டா கட்டமாட்டம்" என்றும் சொன்னாள். காளியம்மா ஒரு தூளியின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "முடிச்சு நான்தான் போடுவேன். நீங்க போட்ட முடிச்சு பொசுக்குன்னு கழண்டுக்குது" என்றாள்.

அவள் போட்ட முடிச்சில்தான் எல்லாம் நின்றது. அடுத்த திங்கட்கிழமை நிஜக் குழந்தைகள் ஆடின. முக்காலியில் உட்கார்ந்து வலது காலால் வளையத்தை அழுத்திக்கொண்டே, மடியில் ஒரு குழந்தையைப் போட்டு, அதன் சிரங்குக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவிக்கொண்டிருந்தாள் காளியம்மா. ஐந்து வருஷத்தில் அந்தக் கொட்டாயில் அவளுடைய இரண்டு கையும் அதற்கு முன் ஒரே நேரத்தில் தூளியை விட்டதே கிடையாது. அந்த வாரத்திலேயே குழந்தைகளைத் தினம் ஒருமுறை குளிப்பாட்ட ஆரம்பித்தாள். கஞ்சியை ஆறவிட்டு, ஒவ்வொன்றாக மடியில் வைத்து ஊட்டினாள். இரண்டு மணிக்கு வந்த தாய்மார் குழந்தைகளை மோந்து பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் தொரையின் காதுக்குப் போக எத்தனை நாளாகும்? மூன்றாம் வாரம் ஒரு காலையில் அவரே வந்து நின்றார், உயரமாக, கையில் தொப்பியுடன். கூடவே விசுவலிங்கம். யோகம் தடுப்பருகே வந்தாள். அவளுக்குப் பின்னால் முப்பத்தொரு தலைகள். காளியம்மா எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் வளையத்தில் மாட்டியிருந்ததால் பாதி எழுந்து, பாதி குனிந்து நின்றாள்.

தொரை மூங்கிலைத் தொட்டுப் பார்த்தார். கப்பியைப் பார்த்தார். பதினாலு குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. பிறகு விசுவலிங்கத்தின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். யோகத்துக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"கெட்டிக்காரத்தனமான வேலை, கிராணி. அப்படியென்றால் இதற்கென்று இருக்கும் ஆளை இனி அனுப்பிவிடலாமா?"

யோகம் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தகப்பனார் பேசிவிட்டார்.

"நோ சார்."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவராலேயே நம்பமுடியவில்லை போலிருந்தது. மேலே சொன்னார். "இந்தப் பொம்பிளை இல்லாவிட்டால் இது வெறும் மூங்கில், சார். எந்தக் குழந்தை எங்கே தொங்கவேண்டும் என்று சொன்னது அவள். முடிச்சுப் போட்டது அவள். போன மாதம் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் ஒன்பது குழந்தைகள் சிரங்குக்குப் போயின. இந்த மாதம் இரண்டு. தாய்மார் யாரும் குழந்தை அழுகிறது என்று பாதியில் வேலையை விட்டு வரவில்லை."

தொரை காளியம்மாவின் பக்கம் திரும்பினார். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பயத்தில் வலது கால் தானாக அழுத்திக்கொண்டே இருந்தது. தூளிகள் ஆடிக்கொண்டே இருந்தன. தொரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சரி. அவளே நடத்தட்டும்" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

விசுவலிங்கம் பின்னாலேயே போகவில்லை. காளியம்மாவின் பக்கம் திரும்பி, "நீ இரு. உன்னை ஒருத்தரும் அனுப்பமாட்டினம்" என்றார். அவள் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவின் சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்ததை யோகம் கவனித்தாள். அவர் மகளைப் பார்க்கவில்லை. தடுப்பில் தொங்கிய ஒரு சிலேட்டை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அந்த வருஷம் தனலெட்சுமி மூன்றாம் வகுப்புக்குப் போனாள். வகுத்தல் கணக்கில் அவளுக்குச் சமமாக மனோகரன்கூட இல்லை. வாரத்தில் ஒருநாள் மத்தியானம் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எதையாவது செய்வது அந்தப் பள்ளிக்கூடத்தில் வழக்கமாகிவிட்டது. மழைத் தண்ணீரைக் கூரையிலிருந்து பீப்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். கோழி நுழையாத ஒரு படலைச் செய்தார்கள். முதல் படலுக்குள் கோழி நுழைந்தது. இரண்டாவதில் மனோகரனின் கை மாட்டிக்கொண்டது. மூன்றாவது சரியாக வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் எல்லாம் தூங்கிய நேரம். காளியம்மா வளையத்திலிருந்து காலை எடுத்துவிட்டுத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் வந்தாள். அதுவரை அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கடைசிப் பெஞ்சில் இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யோகம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"என்ன அக்கா?"

"இந்த ஈ இருக்கே டீச்சரம்மா" என்றாள் காளியம்மா, வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி. "புள்ளைங்க வாயில, கண்ணுல வந்து ஒக்காருது. ரெண்டு கையால வெரட்ட முடியல. ஒங்க பசங்ககிட்ட ஏதாச்சும் ரோசன இருக்கா?"

முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் சிலேட்டைத் துடைத்தார்கள்.